தினமும் பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி: வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நெட்வொர்க் கேபிள் போடும் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை கிடைத்ததற்காக அண்ணன் ஒரு பெரிய மல்டி டூல் வாங்கிக் கொடுத்தார். பிளேயர், கத்தி, ரம்பம் எல்லாம் இருக்கிறது, ஆனால் கனம். அதனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பழைய சிவப்புப் பேனாக்கத்தி ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவேன். போன மாதம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஓட்டை போடும்போது கத்தி மடங்கி ஆள்காட்டி விரலை வெட்டி, மூன்று தையல். இனிமேல் கத்தியே கூடாது என்கிறார் அம்மா. எனக்கோ அது இல்லாமல் வேலை ஓடாது. இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வருவதால் ஒரு பாதுகாப்புக்கும் ஆகுமே என்றும் நினைக்கிறேன். லாக் உள்ள கத்தி வாங்கிவிட்டால் போதுமா? தினமும் எதை வைத்துக்கொள்வது?

பதில்: தம்பி, முதலில் விரலைப் பார்ப்போம். அதை முழுவதும் மடக்க முடிகிறதா, நுனியில் தொட்டால் உணர்ச்சி பழையபடி இருக்கிறதா? மடக்க வரவில்லை, அல்லது ஒரு பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றால் தையல் போட்ட டாக்டரிடம் இன்றைக்கே திரும்பப் போங்கள். கத்தி வெட்டு வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே நரம்பையோ தசைநாரையோ தொட்டிருக்கும். அதை நாள் கடத்தினால் சரிசெய்வது கஷ்டம்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். 22 வருடமாகக் கைக்கருவிகளைப் பழுது பார்க்கிறேன், சாணை பிடிக்கிறேன், புதிதாகத் தொழில் கற்க வருகிறவர்களுக்கு அவற்றைப் பிடிக்கக் கற்றுத் தருகிறேன். கத்தி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் சின்னதாக, வேலைக்கு மட்டும். அந்தப் பாதுகாப்பு என்ற எண்ணத்தை மட்டும் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடுங்கள், அது ஏன் என்று பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கத்தி ஏன் மடங்கியது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அது கெட்டுப்போனதால் மடங்கவில்லை. அந்தக் கத்தியைச் செய்த விதமே அப்படி. பழைய பேனாக்கத்தியின் முதுகுப் பக்கம் உள்ளே ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். பிளேடின் அடிப்பாகம் சதுரமாக இருக்கும், அந்தச் சதுரத்தின் தட்டையான பக்கத்தில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு நிற்பதால்தான் கத்தி திறந்தபடி நிற்கிறது. பூட்டு என்று அதில் எதுவும் கிடையாது. விளிம்பை வைத்து நாம் எதையாவது அறுக்கும்போது அழுத்தம் முழுவதும் கத்தியைத் திறக்கிற பக்கமாகவே போகிறது, அதனால் எத்தனை அழுத்தினாலும் பயமில்லை. நுனியை வைத்துக் குத்தும்போது கதையே வேறு. நுனி பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளும், கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், மணிக்கட்டு ஒரு நூல் சாய்ந்தாலும் போதும், அந்தத் தள்ளு முழுவதும் பிளேடின் முதுகில் விழுந்துவிடும். ஸ்பிரிங் விட்டுக்கொடுத்ததும் கத்தி மூடும், மூடுகிற வழியில் ஆள்காட்டி விரல்தான் இருக்கும். என்னிடம் விரலில் கட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டை போடப் போய்த்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் அதே விரலில், இரண்டாவது கணுவுக்குப் பக்கத்தில்.

ஓட்டை போட உங்கள் பேனாக்கத்தியிலேயே வேறு ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள், எதற்கு என்று யோசித்திருக்க மாட்டீர்கள். முதுகுப் பக்கம் திறக்கிற குட்டிக் குத்தூசி. அது கைப்பிடிக்குச் செங்குத்தாக, ‘ட’ எழுத்தின் மூலை மாதிரி, நிற்கும். கைப்பிடியை உள்ளங்கைக்குள் வைத்து, குத்தூசி இரண்டு விரலுக்கு நடுவில் வெளியே வரும்படி பிடித்து, முதலில் லேசாக அழுத்தி ஒரு புள்ளி போடுங்கள். அப்புறம் கூர் இருக்கிற பக்கமாகவே மெதுவாகத் திருகுங்கள், எதிர்ப்பக்கம் திருகினால் அதுவும் மடங்கப் பார்க்கும். நான்கைந்து திருகலில் மெல்லிய பிளாஸ்டிக் சுருள் சுருளாக வெளியே வரும், ஓட்டையும் வட்டமாக விழும். இந்த வகைக் கத்தி 1891-இல் ஸ்விட்சர்லாந்து ராணுவ வீரர்களின் கைக்குப் போனபோது அதில் இருந்தவையே நான்குதான்: ஒரு பிளேடு, ஒரு ஸ்க்ரூ டிரைவர், டின் திறக்க ஒன்று, ஓட்டை போட ஒன்று. நான்கே இடம் இருந்த கருவியில் ஓட்டை போடுவதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், பிளேடால் அந்த வேலையைச் செய்யக்கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

லாக் உள்ள கத்தி வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லாக் நல்லதுதான், அது ஒரு உதவி. ஆனால் நீங்கள் செய்த தவறை அது மன்னிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். பல மல்டி டூல்களில் உள்பக்கம் ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான் அந்தப் பூட்டு. பாக்கெட் பஞ்சும் மண்ணும் சேர்ந்தால் அந்தத் தகடு பாதி தூரம்தான் வரும், பார்வைக்குப் பூட்டின மாதிரியே இருக்கும், கொஞ்சம் பலம் கொடுத்தால் நழுவிவிடும். இன்னொன்று, பூட்டு நன்றாகவே இருந்தாலும் குத்தும்போது கை வழுக்கி முன்னால் போனால் தடுக்க ஒன்றும் இல்லை. கைப்பிடிக்கும் விளிம்புக்கும் நடுவே காவல் மாதிரி எதுவும் இந்த வகைக் கத்தியில் இருக்காது. வியர்த்த கை, எண்ணெய் பட்ட கை என்றால் நேரே விளிம்பின் மேல்தான் போகும். அப்புறம் மூடும்போது: தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் பிளேடு வருகிற வழியிலேயே இருக்கும். தகட்டைத் தள்ளி, கத்தியைக் கால்வாசி மடக்கி, விரலை எடுத்துவிட்டு, அப்புறம் மறு கையின் உள்ளங்கையால் முதுகைத் தள்ளி மூடுங்கள். தொடையில் வைத்து மூடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் பழகிவிடாதீர்கள்.

அறுக்கும்போது ஒரே ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும். அழுத்துவதற்கு முன்னால், இது இப்போது நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். கேபிள் டையை உங்கள் பக்கமாக இழுத்து அறுத்தால் அது வயிற்றுக்கோ தொடைக்கோ வரும். பெட்டியின் டேப்பை மறு கையால் பிடித்துக்கொண்டு அந்தக் கையை நோக்கியே அறுத்தால் மணிக்கட்டுக்குப் போகும். நழுவினால் காற்றில் போய் நிற்கிற மாதிரி உடம்பைத் திருப்பிக்கொள்ள ஒரு நொடிதான் ஆகும்.

இனி எதை வைத்துக்கொள்வது என்பது. இதில் எல்லோரும் செய்கிற தவறு, எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணுவது. ஒரு வாரம் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள், எதற்கெல்லாம் கருவி தேவைப்பட்டது என்று. உங்கள் வேலையில் என்ன வரும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்: கேபிள் டை வெட்ட, அட்டைப்பெட்டி திறக்க, ஸ்டார் ஸ்க்ரூ கழற்ற, கேபிள் நுனியைக் கத்தரிக்க, எப்போதாவது எதையாவது இறுக்கிப் பிடித்துத் திருக. இதில் கத்தி தேவைப்படுகிற இடம் பாதிகூட இருக்காது. கத்தரிக்கோலும் ஸ்க்ரூ டிரைவரும்தான் அதிகம் உழைக்கும். கேபிள் டைக்குக் கத்தியைவிடக் கத்தரி எவ்வளவோ மேல், கீழே ஓடுகிற கேபிளின் உறையைக் கீறாது.

எடையைப் பாருங்கள். 58 மில்லிமீட்டர் நீளமுள்ள சாவிக்கொத்துப் பேனாக்கத்தி 20 கிராம் சொச்சம்தான் இருக்கும், சின்ன பிளேடும் கத்தரியும் ஒரு அரமும் அதில் உண்டு. 91 மில்லிமீட்டர் நீளமுள்ள நடுத்தர வகை 60 கிராமிலிருந்து தொடங்கும். பிளேயர் உள்ள முழு மல்டி டூல், உங்கள் அண்ணன் கொடுத்த மாதிரி, 240 கிராம் பக்கத்தில் போய்விடும். கால் கிலோ பாக்கெட்டில் கிடந்தால் மூன்றாம் நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவீர்கள், போயும் இருக்கிறீர்கள். நல்ல கருவியாகவே இருக்கட்டும், தேவைப்படும் நேரத்தில் வீட்டில் இருந்தால் என்ன பயன்?

ஆனால் பிளேயரைக் குறைத்துப் பேசவில்லை. டிம் லெதர்மேன் என்கிற அமெரிக்கர் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கையில் ஒரு பேனாக்கத்தி இருந்தது, காரோ தண்ணீர்க் குழாயோ கோளாறு செய்தபோதெல்லாம் ஒரு பிளேயர் இல்லையே என்று தவித்தார். ஊர் திரும்பி பிளேயரையே மடக்கி அதன் கைப்பிடிக்குள் மற்றவற்றை வைக்கிற வேலையில் இறங்கினார். 1983-இல்தான் அது விற்பனைக்கு வந்தது, எட்டு வருடம். அத்தனை பாடுபட்டதற்குக் காரணம் இருக்கிறது, பிடிக்கிற கருவி வேண்டிய இடத்தில் கத்தியால் ஒன்றும் செய்ய முடியாது. கத்தி நுனியை ஸ்க்ரூவில் விட்டு நெம்பி நுனியை உடைத்துக்கொண்டு என்னிடம் கொண்டுவராத வாரமே கிடையாது. உங்கள் சிவப்புக் கத்தியில் சின்ன டின் திறப்பான் இருந்தால் அதன் நுனியைச் சின்ன ஸ்டார் ஸ்க்ரூவில் வைத்துப் பாருங்கள், பல ஸ்க்ரூக்களில் பொருந்தும்.

ஆக என் யோசனை: பாக்கெட்டில் சின்னது, கத்தரியோடு. பிளேயர் உள்ளது வேலைப் பையில்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விட மாட்டேன். மல்டி டூலின் கைப்பிடி முழுவதும் உலோகம். சிவப்புப் பிளாஸ்டிக் ஒட்டிய பேனாக்கத்தியும் அதேதான், அந்தப் பிளாஸ்டிக் அழகுக்கும் பிடிப்புக்கும் ஒட்டியது, மின்சாரத்தைத் தடுக்க அல்ல, அதன் ஓரங்களில் உலோகம் விரலில் படும். மின்சாரம் ஓடும் இடத்தில் வேலை செய்வதற்கென்று தனியாகக் கருவிகள் உண்டு, ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தில் சோதித்தவை, கைப்பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் பொறித்திருக்கும். அந்தக் குறி இல்லாத எதையும், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், மின்கம்பியில் வைக்காதீர்கள்.

என் மேஜை இழுப்பறையில் ஒரு மல்டி டூல் இருக்கிறது. அதன் வெட்டும் வாயில், சரியாக நடுவில், ஒரு பட்டாணி பாதி அளவுக்கு அரை வட்டமாக எஃகு உருகிப் போயிருக்கும். ஓரம் நீலமும் கறுப்புமாக இருக்கும், விரல் நகத்தால் தடவினால் உருகித் தெறித்த குட்டி மணிகள் தட்டுப்படும். என்னோடு வேலை பார்த்த ஒருவர், மெயின் ஆஃப் செய்தாயிற்று என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு ஒயரை வெட்டிய இடம் அது. உள்ளே இருந்த இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் பட்டு எஃகு உருகியது. கையுறை போட்டிருந்ததால் பிழைத்தார், கண்ணில் ஒரு வாரம் பார்வை மங்கலாக இருந்தது. புதிதாக வருகிறவர்களின் கையில் முதல் நாள் அதைத்தான் கொடுப்பேன். நீங்கள் போடுவது நெட்வொர்க் கேபிளாகவே இருக்கலாம், ஆனால் அதே குழாயில், அதே ரேக்கில் பவர் கேபிளும் ஓடலாம். டெஸ்டர் வைத்து நீங்களே பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

இப்போது பாதுகாப்பு. இரவில் தனியாக வருகிறவருக்கு வரும் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்து ஒரு நிமிடம் யோசியுங்கள். அதைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். பயத்தில் விரல் நடுங்கும்போது அந்தச் சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். திறந்துவிட்டாலும், குத்தினால் என்ன ஆகும் என்று உங்கள் விரலுக்கே தெரியும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடமே உங்கள் விரலைக் கொடுத்த கத்தி அது. அதைவிட மோசம், கத்தியைக் காட்டிய நொடியில் பணத்தைக் கேட்டு வந்தவன் உயிருக்கு வருவான். பிடுங்கி உங்கள் மேலேயே திருப்பவும் செய்யலாம். கையில் கத்தி இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட வேண்டிய இடத்தில் நின்றுவிடுவோம், எனக்கு அதுதான் பெரிய பயம்.

சட்டமும் அந்த எண்ணத்தைத்தான் பார்க்கிறது. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லாக் இல்லாத, விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வெளியில் எடுத்துப் போகலாம். அதே சின்னக் கத்தியை யாரையாவது தாக்க நேர்ந்தால் ஆகும் என்று வைத்திருந்தால் அது ஆயுதம், குற்றம். கத்தி மாறவில்லை, நினைப்பு மாறியது. லாக் விழுகிற கத்தி என்றால் அங்கே நியாயமான காரணம் காட்ட வேண்டும், மல்டி டூலில் இருக்கிற பிளேடுக்கும் அதேதான். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து லாக் விழுகிற கத்தியைத் தக்க காரணமில்லாமல் உடன் எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. ஆகவே லாக் வாங்கினால் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு: சில இடங்களில் அந்த லாக்தான் சிக்கலையே கொண்டுவரும். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைப் படிக்கும்போது நான்கு விஷயத்தைத் தேடுங்கள், பிளேடின் நீளம், லாக், ஒரு கையால் திறக்கிறதா, எந்தெந்த இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. யாராவது ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் ‘கேபிள் வேலை பார்க்கிறேன்’ என்பது உண்மையான, முழுமையான பதில். ‘பாதுகாப்புக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தப் பதிலே கெட்டுவிடும். வாயால் சொல்லாதீர்கள் என்று தந்திரம் சொல்லித் தரவில்லை, மனதிலேயே அது இருக்க வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பயத்துக்கு வேறு செய்யுங்கள். நல்ல வெளிச்சம் தருகிற சின்ன டார்ச், ஒரு விசில், எந்த வழியாக வருகிறேன் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது, கூட வேலை பார்க்கிறவரோடு சேர்ந்து கிளம்புவது. டார்ச் எப்படியும் உங்கள் வேலைக்கு வேண்டியதுதான், ரேக்குக்குப் பின்னால் தலையை விடுகிறவருக்குக் கத்தியைவிட முதலில் அது வேண்டும்.

விமானப் பயணம் என்றால் முந்தின இரவே பாக்கெட்டையும் பையின் எல்லா அறைகளையும் துழாவி எடுத்து, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். சில நாடுகளில் 6 சென்டிமீட்டர் வரை விடுவார்கள், சில இடங்களில் எந்தப் பிளேடையும் விட மாட்டார்கள், அந்த வரிசையில் நின்று வாதம் செய்து பயனில்லை. சாவிக்கொத்தில் கோத்த குட்டிக் கத்தியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நீதிமன்றம், பள்ளி, விளையாட்டு அரங்கம் இவற்றுக்கும் இதே கவனம்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றையும் நாலு தடவை திறந்து மூடினால் மூட்டில் இருக்கிற அழுக்கு கறுப்பாக வெளியே வரும். நன்றாகக் காயவைத்து மூட்டில் ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளானால் பிசின் மாதிரி இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் ஈரத்தோடு மூடி வைத்தால் புள்ளி விழும்.

கூர் போய்விட்டதா என்று பார்க்க ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்து ஓரத்தில் வைத்து இழுங்கள், கிழித்தால் மழுங்கிவிட்டது, சத்தமில்லாமல் அறுத்தால் சரி. மழுங்கிய கத்திதான் ஆபத்து, பலம் கொடுக்க வைக்கும். சாணைக்கல்லில் தேய்க்க எந்தக் கோணம் என்று குழம்ப வேண்டாம். ஒரு காகிதத்தின் மூலையை எடுத்து, இரண்டு ஓரமும் சேரும்படி ஒரு முறை மடித்தால் 45 பாகை. அதையே இன்னொரு முறை மடித்தால் 22 பாகை சொச்சம். அந்தக் கூம்பைக் கல்லின் மேல் வைத்து, கத்தி அதைவிட ஒரு இழை தாழ்வாக இருக்கும்படி சாய்த்துக்கொண்டால் பேனாக்கத்திக்கு வேண்டிய கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வாருங்கள், மறுபக்கத்து ஓரத்தைக் கட்டைவிரலால் குறுக்கே தடவினால், நெடுக்கே அல்ல, மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனி வரைக்கும் வந்ததும் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில், விளிம்பு பின்னால் வரும்படி, பத்துத் தடவை இழுத்தால் பிசிறு போய்விடும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? கத்தி வேண்டாம் என்று அவர் சொல்வது உங்கள் கையில் ரத்தம் பார்த்ததால். அவரிடம் வாதம் பண்ணாமல், ஒரு நாள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் குத்தூசியால் ஓட்டை போட்டுக் காட்டுங்கள். பாதுகாப்புக்காக வைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள், அவர் மனதில் ஓடுவது அதுவாகவும் இருக்கலாம்.

அண்ணன் கொடுத்ததை ஓரம்கட்ட வேண்டாம். அதன் எல்லாக் கருவியையும் ஒரு முறை திறந்து பாருங்கள், எந்தெந்தக் கருவிக்கு லாக் விழுகிறது, எதற்கு விழவில்லை என்று கையால் தெரிந்துகொள்ளுங்கள். சில மாடல்களில் பிளேடுக்கு மட்டும் லாக் இருக்கும், உள்ளே இருக்கிற ஸ்க்ரூ டிரைவருக்கு இருக்காது. அப்புறம் வேலைப் பையின் முன் அறையில் அதற்கு ஒரே இடம், எப்போதும் அதே இடம். தையல் போட்ட விரலில் பலம் முழுவதும் திரும்பும் வரைக்கும் அதன் பிளேயரை மட்டும் எடுங்கள், கத்தியை இன்னும் ஒரு மாதம் திறக்க வேண்டாம்.